ஹுமாயூன் விழுந்ததும் படியில்தான்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். குளிர்காலம் வருகிறது, ஊரிலிருந்து பெரியவர்கள் தில்லிக்கு வருகிறார்கள், அவர்களில் ஒருவர் வீல்சேரில் இருக்கிறார், அவரை எங்கே அழைத்துப் போகலாம், எப்படி அழைத்துப் போகலாம்? நானும் பன்னிரண்டு வருடமாக வீல்சேரில் இதே ஊரைச் சுற்றுகிறவள் என்பதால்தான் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பட்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. கும்பகோணத்தில் முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விளங்கவில்லை, இப்போது வீல்சேர்தான். டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். இத்தனை வருடம் பாடம் நடத்திய ஹுமாயூன் கல்லறையை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கே படி செங்குத்தாக இருக்கும் என்கிறார்கள். தம்பி, "நாலு பேர் சேர்ந்து சேரோடு தூக்கிவிடலாம், இதில் என்ன இருக்கிறது" என்கிறான். அப்பா எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். அழைத்துப் போகலாமா?
(வாசகி, மயூர் விஹார் ஃபேஸ் 1)

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் தூக்குவதா வேண்டாமா என்பதைத் தம்பியும் முடிவு செய்ய வேண்டாம், நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். அப்பா எதுவும் சொல்லவில்லை என்கிறீர்களே, அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. முப்பது வருடம் வகுப்பில் நின்று பேசிய மனுஷர், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். தம்பி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, தூக்கினால் பரவாயில்லையா, இல்லை கீழே இருந்தே பார்த்தால் போதுமா என்று நேராகக் கேளுங்கள்.

தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்பது தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. தில்லிக்கு வெளியே ஒரு கோட்டையில், பெயர் வேண்டாம், நாலு நல்லவர்கள் ஓடி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கினார்கள். ஐந்தாவது படியோ ஆறாவது படியோ, ஒருவர் பிடித்திருந்த கைதாங்கி சடக்கென்று கழன்று அவர் கையோடு போய்விட்டது. பல வீல்சேர்களில் கை வைக்கும் பாகமும் கால் வைக்கும் பாகமும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும், அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது, இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். நான் ஒரு பக்கம் சாய, மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு மொழியில் கத்த, கீழே ஒரு பையன் அதை போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். விழவில்லை. ஆனால் மேலே என்ன பார்த்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் ஒன்றுமே ஞாபகம் இல்லை. திரும்ப எப்படி இறங்கப் போகிறோம் என்ற யோசனையிலேயே மேலே இருந்த அரை மணி நேரமும் போய்விட்டது.

உங்கள் அப்பாவுக்கு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு தளர்ந்திருக்கும். அவசரத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ மூட்டு நழுவ வாய்ப்பு உண்டு. காரிலிருந்து சேருக்கு மாற்றும்போதும் இதுதான் விதி. இதைத் தம்பியிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள்.

இனி இடத்துக்கு வருவோம். கல்லறை நிற்பது சுமார் இருபது அடி உயர மேடையில். மேலே போகப் படியைத் தவிர வழி இல்லை, அதுவும் ஒவ்வொரு படியும் நல்ல உயரம், நடக்கிறவர்களே பாதியில் சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் இல்லை, எட்டுப் பேர் வந்தாலும் அந்தப் படியில் நான் ஏற மாட்டேன்.

ஆனால் சரித்திர வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கல்லறைக்கு உரியவரே படியில் விழுந்துதான் செத்தார். 1556 ஜனவரி. புராணா கிலாவுக்குள் ஷேர் மண்டல் என்று ஓர் எண்கோணக் கட்டடம், அதில்தான் நூலகம் வைத்திருந்தார். மேலிருந்து இறங்கும்போது பாங்கு சத்தம் கேட்டது, மரியாதைக்காக மண்டியிடப் போனார், அங்கியில் கால் சிக்கியது, உருண்டார், சில நாளில் உயிர் போயிற்று. படி கொன்ற மனுஷருக்கு அவர் மனைவி பேகா பேகம் கட்டியது, படி ஏறாமல் கிட்டேயே போக முடியாத கல்லறை! அந்தப் படியின் கீழே போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வந்து சிரிப்பு வரும், பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். மேலே ஏறியவர்கள் நடு மண்டபத்தில் பார்ப்பது அடையாளத்துக்கு வைத்த பளிங்குப் பெட்டியைத்தான். உடலைப் புதைத்த மெய்யான கல்லறை அதற்கு நேர் கீழே, நிலவறையில். அங்கே பொதுவாக யாரையும் விடுவதில்லை. உயரக் கணக்குப் பார்த்தால், படி ஏறிப் போனவர்களைவிடக் கீழே வீல்சேரில் இருக்கும் உங்கள் அப்பாதான் ஹுமாயூனுக்குக் கிட்டே இருப்பார். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஏற முடியாதது இழப்புதான். அந்தக் கூரையின் கீழே நின்றால் வரும் குளிர்ச்சியும் எதிரொலியும் எனக்கு இன்றைக்கு வரைக்கும் கேள்வி ஞானம்தான், அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

மிச்சம் இருப்பதும் கொஞ்சம் இல்லை. நாலு பாகமாகப் பிரித்து நடுவில் வாய்க்கால் ஓடவிட்ட சார்பாக் தோட்டம், அதன் நடுவில் கல்லறை. தரையில் தள்ளி நின்று பார்த்தால்தான் செங்கல் நிறக் கல்லும் வெள்ளைப் பளிங்குக் குவிமாடமும் சேர்ந்து முழுதாகக் கண்ணுக்குள் வரும், மேடை மேல் ஏறிவிட்டால் குவிமாடம் பாதி மறைந்துவிடும். மேற்கு வாசல் வழியாகத்தான் உள்ளே போவோம், அதனால் மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள், வெயில் நேராக அந்த முகத்தில் விழும். வளைவுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் ஆறு முனை நட்சத்திரம் பதித்திருப்பார்கள், அப்பாவிடம் காட்டுங்கள். முருகன் கோவிலில் பார்க்கும் அறுகோணம் அப்படியே. சுவாமிமலையில் தமிழ் வருடத்துக்கு ஒன்றாக அறுபது படி, கும்பகோணத்துக்காரர் எத்தனை தடவை எண்ணிக்கொண்டே ஏறியிருப்பார்! அந்தக் கதையை அவரைவிட்டே சொல்லச் சொல்லுங்கள். வாத்தியாருக்குப் பேச ஆள் கிடைத்தால் படி மறந்துவிடும்.

அப்புறம், பக்கத்திலேயே 2024 ஜூலையில் திறந்த அருங்காட்சியகம், இதைத் தவறவிட வேண்டாம். படிக்கிணறு மாதிரி பூமிக்குள்ளே இறங்குகிற கட்டடம், ஆனால் இறங்குவது சாய்தளத்தில். குவிமாடத்தின் உச்சியில் இருந்த கலசம், 18 அடி, 2014இல் அடித்த புயலில் விழுந்தது, அதைக் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நானூற்றுச் சொச்சம் வருடம் பறவைகள் மட்டும் பக்கத்தில் போன சாமான், அப்பா சேரை அதன் எதிரிலேயே நிறுத்திக்கொண்டு பார்க்கலாம். நான் போனபோது அங்கேயே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

போக்குவரத்துக்கு ஒரு எச்சரிக்கை. தில்லி டாக்சிகளில் பெரும்பாலும் சிஎன்ஜி, அந்த சிலிண்டர் டிக்கியை முழுசாக அடைத்துக்கொண்டிருக்கும், மடக்கிய வீல்சேர் அதில் நுழையாது. வண்டி வந்து நின்ற பிறகு வாசலில் நின்று இதைக் கண்டுபிடிக்காதீர்கள். பெரிய வண்டியாக புக் செய்யுங்கள், இல்லையென்றால் மேலே கேரியர் இருக்கிறதா என்று டிரைவரைக் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பிங்க் லைனில் அடுத்த ஸ்டேஷனே சராய் காலே கான்தான், ஆனால் அங்கிருந்து கல்லறைக்குப் போக எப்படியும் இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும், அதனால் வீட்டிலிருந்தே காரில் போய்விடுவது மேல். முடிந்தால் டிசம்பரை விட்டுவிட்டு பிப்ரவரி கடைசியில் வரச் சொல்லுங்கள். டிசம்பர் புகையும் பனிமூட்டமும் பெரியவர்களுக்கு ஆகாது, குவிமாடமும் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: கட்டடக்கலை படிக்கிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, அங்கே ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்று பாடம் நடத்துகிறார்கள். அப்படியிருக்க எல்லா இடத்திலும் சாய்தளம் கேட்பது பழைய கட்டடத்துக்குச் செய்கிற துரோகம் இல்லையா? கோபப்படாமல் பதில் சொல்லவும்.
(மாணவர், முனிர்கா)

பதில்: கோபம் இல்லை தம்பி. ஆணி அடி என்று நாங்கள் சொல்லவே இல்லையே.

2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தார், குதுப் மினாரைப் பார்க்க வேண்டும் என்றார். மரத்தில் தற்காலிகச் சாய்தளம் போட்டார்கள், பார்த்தார், போனார். எந்தக் கல்லும் பெயர்ந்து விழவில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு முடிந்தது மற்றவர்களுக்கு மற்ற நாளில் ஏன் முடியாது என்று இங்கே மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஸ்வயம் என்ற அமைப்பு தொல்லியல் துறையோடு சேர்ந்து வேலை செய்தது, இன்றைக்கு குதுப் வளாகத்தில் பெரும்பகுதியில் நான் தனியாகவே சுற்றுகிறேன்.

பழைய கட்டடத்தைத் தொடவே கூடாது என்பதும் அந்தக் கட்டடத்துக்கே தெரியாத கொள்கை. அதே குதுப் மினாரை எடுத்துக்கொள். இடி விழுந்ததும் 1369இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் மேல் அடுக்குகளைத் திருத்திக் கட்டினார், பாதிக்கு வெள்ளைப் பளிங்கு. 1828இல் ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவ இன்ஜினியர் உச்சியில் தன் இஷ்டத்துக்கு ஒரு குடை மண்டபம் வைத்தார், பார்க்கச் சகிக்கவில்லை என்று 1848இல் அதை இறக்கிவிட்டார்கள், இன்னமும் புல்வெளியில் ஓர் ஓரமாக இருக்கிறது. அதே வளாகத்தில் இருக்கிற இரும்புத் தூணைச் சுற்றி 1997இல் கம்பி வேலி போட்டார்கள். டிக்கெட் கவுண்டர், கேமரா, விளக்குக் கம்பம், சுழல் கேட் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. ஆறு அங்குல வாசற்படிக்கு ஒரு பலகை என்று கேட்டால் மட்டும் பாரம்பரியம் வந்துவிடும்.

கணக்கு உனக்குத் தெரியும், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஆறு அடி. இருபது அடி மேடைக்கு 240 அடி, நடுவில் நின்று இளைப்பாறச் சமதளங்கள் வேறு. அதனால் ஹுமாயூன் மேடைக்குச் சாய்தளம் போடு என்று நான் கேட்க மாட்டேன், அது சாய்தளம் இல்லை, இன்னொரு கட்டடம். (தஞ்சாவூர் விமானத்தின் உச்சிக் கல்லை ஏற்ற சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டினார்கள் என்று நம் ஊரில் கதை சொல்வார்களே, அதுவும் இதே கணக்குதான். கல்லுக்கு அவ்வளவு தூரம் பாதை போட்டவர்கள் என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.)

ஆனால் எங்களை நிறுத்துவது அந்த இருபது அடி இல்லை, இதைத்தான் உன் பாடத்தில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் நான் திரும்பி வந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் காரணம் பழைய கல்லே இல்லை. நேற்று வைத்த சுழல் கேட், பக்கத்துக் கதவுக்குச் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பது, அழகுக்குக் கொட்டிய சரளை, பார்க்கிங்கிலிருந்து வாசல் வரை உடைந்த நடைபாதை. ஓர் இடத்தில் வீல்சேர் படம் போட்ட கழிப்பறை பளபளவென்று இருந்தது, கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் மடக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும் கூரை வரை. அந்தக் கழிப்பறை எந்த சுல்தான் கட்டியது?

சட்டம் கேட்டாய், சரி, சட்டமே சொல்கிறேன். 1958ஆம் வருடச் சட்டம் சிதைக்காதே என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, அது பொதுமக்கள் வருகிற கட்டடங்களில் தடை இருக்கக் கூடாது என்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும். 2016 சட்டத்தின் கீழ் எழுதிய விதியில், முடிந்தால் செய் என்கிற மாதிரி வழிகாட்டுதல் மட்டும் இருக்கிறது, கட்டாயம் என்று எதுவும் இல்லை என்று சொல்லி 2024 நவம்பர் 8 அன்று சுப்ரீம் கோர்ட் அந்த விதியையே செல்லாது என்றது, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைக் கொண்டுவரச் சொன்னது. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றுக்கே 2020 டிசம்பரில் புது லிஃப்ட் போட்டார்கள், அந்தக் குன்றின் மேல் இருக்கிற கோவில் நம் குதுப் மினாரைவிட ஆயிரத்து அறுநூறு வருடம் மூத்தது. நீ படித்து முடித்து வேலைக்கு வரும்போது கழற்றி மாட்டுகிற சாய்தளம், கல்லைத் தொடாமல் நிற்கிற லிஃப்ட் என்று யோசிக்க இப்போதே பழகிக்கொள்.

கேள்வி: வீல்சேரில் குதுப் மினாருக்குப் போய் என்ன பிரயோஜனம், மேலே ஏற முடியாதே என்கிறார் என் மாமியார். அவருக்கே மூட்டுவலி, வீல்சேர் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.
(வாசகி, ஜனக்புரி)

பதில்: யாருமே ஏற முடியாதும்மா. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்துபோய், இருட்டுப் படியில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஸ்கூல் பிள்ளைகள். அன்றைக்கு மூடியதுதான். 379 படியும் உள்ளே அப்படியே இருக்கிறது, மேலே போவதற்குத்தான் வழியில்லை. ஓட்டப்பந்தய வீரர் வந்தாலும் உங்கள் மாமியார் வந்தாலும் கீழே நின்று 72.5 மீட்டரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான், அண்ணாந்து பார்ப்பதற்கு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் வசதி, சேரில் சாய்ந்துகொண்டே பார்க்கலாம், நிற்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும்.

வீல்சேர் விஷயத்தில் அவரோடு சண்டை போடாதீர்கள். "இது சும்மா பையை வைத்துக்கொள்ள" என்று ஒன்றை எடுத்துப் போங்கள். முதல் இருநூறு மீட்டர் பை உட்கார்ந்து வரும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சுற்றிப் பார்க்கப் போகும்போது எந்த மாதிரி வீல்சேர் எடுத்துப் போவது? வீட்டில் இருப்பது ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி மடக்குகிற சேர்.
(வாசகர், கரோல் பாக்)

பதில்: அதுவே போதும், புதிதாக வாங்கிவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் மூன்று காரியம். காற்று டயராக இருந்தால் காற்று அடியுங்கள், பிரேக் இரண்டும் பிடிக்கிறதா பாருங்கள், சேரின் அகலத்தை வெளிச் சக்கரத்தோடு சேர்த்து டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சுமார் 65 சென்டிமீட்டர் வரும், அது சுழல் கேட்டில் போகாது, அதனால் வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காமல் பக்கத்து கேட்டைத் திறக்கச் சொல்லிவிடுங்கள்.

தள்ளுகிறவருக்கு: முன்னால் இருக்கிற குட்டிச் சக்கரம்தான் வில்லன். சரளையிலும் கல் இடுக்கிலும் அது சிக்கினால் சேர் நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் நிற்க மாட்டார், முன்னால் போய் விழுவார். அந்த மாதிரி இடத்தில் சேரைப் பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் மட்டும் ஓட்டுங்கள், இல்லை திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். சாய்தளத்தில் இறங்கும்போதும் பின்பக்கமாகத்தான். சாய்க்கும் முன்னால் "சாய்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வானம் திடீரென்று கண் முன்னால் வருவது யாருக்கும் பிடிக்காது.

என் காரில் எப்போதும் பாட்டி காலத்து மணைப்பலகை ஒன்று கிடக்கும். இரண்டு அங்குல நிலைப்படிக்கு அதைச் சாய்த்துப் போட்டால் சேர் ஏறிவிடும். ஒரு தடவை செக்யூரிட்டிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். சாப்பிடும்போது உட்காருகிற பலகை என்றேன். நீங்கள்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறீர்களே என்றார். நியாயமான கேள்வி.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, தசைச் சிதைவு நோய், வீல்சேரில்தான் ஸ்கூலுக்குப் போகிறான். அடுத்த மாதம் வகுப்போடு செங்கோட்டைக்கு அழைத்துப் போகிறார்கள். "அவன் அன்றைக்கு வீட்டில் ரெஸ்ட் எடுக்கட்டும், இல்லை நீங்களும் கூட வாருங்கள், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கலாம்" என்கிறார்கள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.
(ஒரு அம்மா, ஆர்.கே. புரம்)

பதில்: பஸ்ஸில் உட்கார்ந்திருக்கலாமாம். டில்லி பஸ்ஸைப் பார்ப்பதற்கா அவன் கிளம்புகிறான்?

என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16: பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொண்டு, படிப்போடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பிரிவு எண்ணைப் போட்டு பிரின்சிபாலுக்கு ஒரு பக்கக் கடிதம், கோபமே இல்லாமல், "என் மகனும் வருகிறான், ஏற்பாடு பற்றிப் பேச எப்போது வரலாம்" என்று மட்டும். வரலாமா என்று கேட்க வேண்டாம்.

பேசப் போகும்போது அவர்களுக்கு இருக்கிற பயத்தை நீங்களே எடுத்து மேஜையில் வையுங்கள். அவர்கள் மோசமானவர்கள் என்று நான் நினைக்கவில்லை, யாராவது ஒருவர் மேல் பொறுப்பு வந்துவிடும் என்ற பயம்தான். பஸ்ஸில் எப்படி ஏற்றுவது? ஸ்கூல் பஸ் படி உயரம், அதுதான் நிஜமான சிக்கல். தாழ்தள பஸ்ஸாக இருந்தால் நடுக் கதவில் மடக்குப் பலகை இருக்கும், அது கிடைக்காவிட்டால் அவனும் இரண்டு நண்பர்களும் ஒரு டீச்சரும் காரில் பின்னாலேயே வரட்டும். நண்பர்கள் முக்கியம். தனிக் காரில் அம்மாவோடு வந்தால் அது வகுப்போடு வந்ததாகாது. கழிப்பறை எங்கே என்பதை டீச்சர் ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்து, திறந்து பார்த்து வரட்டும். (துடைப்பம்!)

செங்கோட்டை பெரிய உயரமான இடம் இல்லை, தூரமான இடம். லாகூரி வாசலில் நுழைந்தால் சத்தா சௌக், கூரை போட்ட கடைவீதி, ஷாஜஹான் காலத்திலேயே கடைவீதிதான், பையனுக்கு அங்கேயே பாதி சந்தோஷம் தீர்ந்துவிடும். உள்ளே மண்டபங்கள் மேடை மேல் இருக்கின்றன, படி உண்டு. ஆனால் திவான்-இ-ஆமில் ராஜா உயரத்தில் பளிங்கு மாடத்தில் உட்கார்ந்திருப்பார், மனு கொடுக்க வந்த ஜனமெல்லாம் கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்கும். கீழே இருந்து பார்ப்பதுதான் அங்கே குடிமக்கள் பார்த்த இடம், இதை டீச்சரிடம் சொல்லி வையுங்கள், மொத்த வகுப்பையும் ஐந்து நிமிடம் கீழே உட்காரவைத்து அங்கிருந்து பாடம் நடத்தினால் உங்கள் பையன் தனியாகத் தெரிய மாட்டான்.

நீங்கள் கூடப் போக வேண்டுமா என்பதை அவனிடம் கேளுங்கள். ஒன்பது வயதில் நண்பர்களுக்கு நடுவில் அம்மா வந்து நிற்பதை எந்தப் பையன் விரும்புவான்? வேண்டாம் என்றால், மனசு அடித்துக்கொண்டாலும், வீட்டிலேயே இருங்கள்.

கேள்வி: இத்தனை இடம் சுற்றியிருக்கிறீர்கள், உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?
(வாசகர், லோதி காலனி)

பதில்: அலாய் மினார். குதுப் வளாகத்திலேயே வடக்கு ஓரத்தில் இருக்கிறது, ஒருவரும் அதன் பக்கத்தில் படம் எடுத்துக்கொள்வதில்லை. குதுப்பைப் போல இரண்டு மடங்கு கட்டுகிறேன் என்று அலாவுதீன் கில்ஜி ஆரம்பித்தார், முதல் அடுக்கு எழும்பியதும் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 24.5 மீட்டரோடு நின்றுவிட்டது. வெறும் கரடுமுரடுக் கல், அலங்காரம் கிடையாது. அதன் பொந்துகளில் சாயங்காலம் கிளிகள் வந்து அடையும், அவ்வளவு சத்தம் போடும். ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டு போய் அங்கே உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, ஆனால் உள்ளே சாப்பிடுகிற சாமான் எடுத்துப் போக விடமாட்டார்கள். அதனால் வாசலில் காரிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு, மணைப்பலகையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.